தறி நின்றால்

எழுபதுகளில் ஒரு சாயங்காலம். ஐயம்பேட்டை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"என் பொண்ணுக்குப் பேய் புடிக்கலையாம்க்கா!"

"யாருடி சொன்னது?"

"டீச்சரம்மாதான். கிளாஸ்ல ஏன் வாயே தொறக்க மாட்டேங்கிறேன்னு தனியா உக்கார வெச்சு கேட்டாங்களாம். 'கிளாஸ் அமைதியா இருக்குது, சத்தம் நின்னா அடி விழும்னு பயமா இருக்குது'ன்னாளாம்."

"சத்தம் நின்னா எதுக்குடி அடி?"

"வூட்டுல இழை அறுந்து தறி நின்னுதுன்னா, அவரு கோவத்துல எழுந்து வருவாரு இல்ல?"

"அடப்பாவமே!"

"இன்னிக்கு டீச்சரம்மா சொல்லி எல்லாப் புள்ளைங்களும் தறி மாதிரி பெஞ்சைத் தட்டிக்கினே இருந்துச்சுங்களாம். இவ கடகடன்னு பாட்டு முழுக்க ஒப்பிச்சிட்டாளாம்க்கா!"

"வூட்டுக்காரர்கிட்ட சொல்லப் போறியா?"

அதுவரை பஸ் இரைச்சலை மீறிக் கத்தியவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லணும்க்கா. தறி ஓடிக்கினு இருக்கும்போதே சொல்லிடணும்."