கோட்டுக்குக் கீழே வாசித்தது

எனது பெயர் கூரமோச்சி யசுஹிதே. வயது நாற்பத்தாறு. எஹிமே மாகாணம் மத்சுயாமா நகரில், என் அக்கா நடத்தும் முடிதிருத்தகத்தின் மாடியில் குடியிருந்து வருகிறேன். விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவை ஆலையில் வேலை பார்க்கிறேன். திருமணம் ஆகவில்லை. விளக்கில்லாத சைக்கிளில் போனதற்காக ஒருமுறை எச்சரிக்கப்பட்டதைத் தவிர என் மேல் இதற்கு முன் புகார் ஏதும் இல்லை. சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லாமல் இருக்க எனக்கு உரிமை உண்டு என்று உதவி ஆய்வாளர் தெராசாவா அவர்கள் முதலிலேயே தெரிவித்தார். அந்த உரிமையை நான் ஒரே ஒரு விஷயத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன். வழக்கில் சம்பந்தப்பட்ட விளையாட்டின் முடிவு என்ன என்பதை நான் இதில் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கப்போகும் அரசு வழக்கறிஞரோ நீதிபதியோ அதை இன்னும் விளையாடி முடிக்காதவர்களாக இருக்கலாம்.

நான் கதை விளையாட்டுகளின் ரசிகன். கதையைத் திரையில் வாசித்துக்கொண்டே போக வேண்டும், இடையிடையே நாம் செய்யும் தேர்வைப் பொறுத்துக் கதை கிளை பிரியும், அந்த வகை. இவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்பதால் உதவி ஆய்வாளர் இந்த இடத்தில் தட்டச்சை நிறுத்திவிட்டு என்னைத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அதன் பிறகு நான் தொடர்ந்து கூறியதாவது: இவ்விளையாட்டுகளுக்கு மதிப்புரை எழுத ஒரு வலைப்பதிவை நானும் இன்னொருவரும் சேர்ந்து பல வருடங்களாக நடத்தி வருகிறோம். என் புனைபெயர் செவ்விஞ்சி, மரியாதைக்கு ‘சான்’ சேர்த்து இஞ்சி சான் என்பார்கள். அவர் புனைபெயர் அரைத்தூக்கம். அவர் பெண் என்பது குரலால் தெரியும். இயற்பெயர், வயது, ஊர் எதையும் நான் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. எங்கள் வட்டத்தில் அப்படிக் கேட்பது அநாகரிகம்.

எங்கள் பதிவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாக் கிளைகளையும் முடிக்காமல் மதிப்புரை எழுதக் கூடாது. எழுதியதை இரண்டாகப் பிரிப்போம். மேல் பாதி விளையாடாதவர்களுக்கு. அதன் பின் ஒரு கோடு, நீளமான வெற்றிடம், ‘முடித்தவர்கள் மட்டும்’ என்ற வரி. கீழ்ப் பாதியில்தான் முடிவைப் பற்றிப் பேசுவோம். முடிக்காதவர் எவரும் கோட்டைத் தாண்ட மாட்டார். ஒருவர் கை தவறிக் கீழே உருட்டிவிட்டதாக மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு, ஒரு மாதம் பதிவுப் பக்கமே வராமல் இருந்தார். அப்படிப்பட்ட ஆட்கள்.

இதைக் கேட்ட உதவி ஆய்வாளர், “பூட்டு எதுவும் இல்லையே?” என்றார்.

“கோடு இருக்கே ஐயா” என்றேன்.

“கோடு போட்டா யாரும் போக மாட்டாங்களா?”

“கடை வாசல்ல குடையை வச்சிட்டு உள்ள போறோம். அதுக்கு என்ன பூட்டா போடறோம்?”

“கூரமோச்சி சான், இந்த நிலையத்துக்கு வர்ற புகார்ல பாதி குடை காணோம்னுதான்” என்று அவர் சொன்னார்.

மேற்படி அரைத்தூக்கம் என்பவருக்குச் சில காலமாகக் கண் பார்வை மங்கி வந்தது. முதலில் தொலைபேசியில் வேடிக்கையாகத்தான் சொன்னார். “இஞ்சி சான், எழுத்தெல்லாம் கஞ்சியில விழுந்த எள்ளு மாதிரி மிதக்குது. உங்க மதிப்புரை இப்பதான் படிக்க நல்லா இருக்கு” என்றார். நானும் சிரித்தேன். அதன் பிறகு பார்வை முழுதும் போய்விட்டது. எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் கருவியின் துணையோடு எங்கள் பதிவைத் திறக்கப் பழகிக்கொண்டார்.

அதன் பிறகு ‘உப்புத் துறைமுகம்’ விளையாட்டின் மூன்றாவதும் கடைசியுமான பாகம் வெளியானது. உப்புக் காய்ச்சும் ஊர். ஆளில்லாத கலங்கரை விளக்கம். அதில் தினமும் சாயங்காலம் யாரோ விளக்கேற்றுகிறார்கள். யார் என்பதுதான் மூன்று பாகத்துக்கும் கேள்வி. முதல் பாகம் வந்தபோது எனக்குத் தலையில் முடி இருந்தது. இரண்டாவது பாகத்தில் படகுச்சீட்டு கொடுக்கும் பெண் ஜன்னலை அடைக்கும் காட்சியில் நான் ஆலையின் நீராவி அறைக்குள் போய் நின்றேன், அங்கே எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட விளையாட்டு. ஆனால் அதில் குரல் கிடையாது, எழுத்து மட்டுமே. அந்த எழுத்தையும் படமாகப் பதித்திருப்பதால் வாசிக்கும் கருவிக்கு அது எட்டவில்லை.

அரைத்தூக்கம் என்னிடம், “யாராவது முடிவைச் சொல்லிடுவாங்களோன்னுதான் எனக்குப் பயம். நீங்களும் சொல்லக் கூடாது. வாசிச்சுக் காட்டுங்க. கிளை எங்க பிரியுதோ அங்க நான்தான் தேர்ந்தெடுப்பேன்” என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அப்போது அவர் பார்வை இழந்தவர்களுக்கான பயிற்சி இல்லத்தில் சேர்ந்திருந்தார். அவருக்குப் பேச நேரம் கிடைக்கும்போது நான் ஆலையில் இருப்பேன். ஆகவே கதையை என் குரலில் வாசித்துப் பதிவு செய்து, வலைப்பதிவில் கோட்டுக்குக் கீழே வைத்தேன். அவர் கேட்டுவிட்டுத் தன் தேர்வைக் கருத்தாக எழுதுவார். நான் அதன்படி அடுத்ததை வாசிப்பேன். கடவுச்சொல் கேட்கும் தளங்களில் அவரால் அப்போது நுழைய முடியவில்லை. எங்கள் பதிவின் வழி மட்டும் அவர் விரல்களுக்குப் பழகியிருந்தது.

மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு படம், ஒலி, எழுத்து எதையும் வெளியிடக் கூடாது என்பது தயாரித்த நிறுவனத்தின் விதி. அது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். கோட்டுக்குக் கீழேதானே, முடித்தவர்கள் கேட்டால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

ஆனால் இணையத்தில் உள்ளவற்றைத் தானாகத் திரட்டிச் சுருக்கும் ஒரு தளம் என் குரலை எழுத்தாக்கி, விளக்கேற்றுவது யார் என்பதையே தலைப்பாகப் போட்டுவிட்டது. ஆட்கள் மதித்த கோட்டை இயந்திரம் மதிக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அதன் பிறகு நாடு முழுக்க முடிவு பரவியது. இன்னும் பிரிக்காத விளையாட்டு வட்டுகளை மக்கள் பாதி விலைக்கு விற்றார்கள். பல வருடமாக என்னோடு பேசிய ஒருவர், “நீங்களா இஞ்சி சான்?” என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். திட்டியவர்களை விட அவர்தான் என்னை அதிகம் வருத்தினார். நிறுவனம் புகார் கொடுத்தது. ஒலிப்பதிவுகளை அன்றே நீக்கிவிட்டேன்.

அதன் பிறகு ஒரு காலையில் காவலர்கள் வந்து விளையாட்டுப் பெட்டி, வட்டு, கணினி, தொலைபேசி ஆகியவற்றைக் கைப்பற்றினார்கள். அக்கா ஒருவருக்குத் தலையில் சாயம் பூசிக்கொண்டிருந்தவள் சீப்போடு மாடிக்கு ஓடி வந்தாள். “கல்யாணம் பண்ணிக்கடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன். இப்பப் பாரு, உன் பொம்மையைப் பிடிச்சிட்டுப் போக போலீஸ் வருது. அந்தப் பெட்டியைப் பார்த்துத் தூக்குங்க சார், உடைஞ்சா இவன் சோறு திங்க மாட்டான்” என்றாள். காவலர்கள் சிரிக்காமல் இருக்கச் சிரமப்பட்டார்கள்.

விசாரணையில் உதவி ஆய்வாளர், அப்படி ஒருவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்று கேட்டார். பெயர் தெரியாத பெண், அவருக்காகச் செய்தேன் என்றால் எந்த வழக்கறிஞரும் நம்ப மாட்டார் என்றார். பிறகு, “உங்க போன்ல அவங்க எண் இருக்கு. நாங்களே கூப்பிட்டுக் கேக்கலாம்” என்றார்.

நான் பயந்துபோனேன். என்னைப் பற்றிய பயம் இல்லை. எந்த விளையாட்டு வெளியானாலும் முடிக்கும்வரை செய்தி, இணையம் எல்லாவற்றையும் அடைத்துக்கொள்வது எங்கள் பழக்கம். அவரும் அப்படி இருந்ததால் இந்த அமளி எதுவும் அவர் காதுக்கு எட்டவில்லை. கடைசி அத்தியாயத்தை நான் வாசித்து வைத்திருந்தும் அவர் அதைக் கேட்கவில்லை. காரணம், நான் ஒரு கிளையை விட்டுவிட்டேன். சீட்டு கொடுக்கும் பெண்ணுக்கு உப்புக் காய்ச்சும் புகையில் பார்வை போகிற கிளை அது. அதை என்னால் அவருக்கு வாசிக்க முடியவில்லை. ‘அந்தப் பொண்ணோட கிளை எங்கே? எல்லாக் கிளையும் முடிக்காம முடிவைத் தொட மாட்டேன்’ என்பதுதான் அவர் கடைசியாக எழுதியிருந்த கருத்து. ஆக, முடிவு தெரியாத ஒரே ரசிகர் அவராகத்தான் இருக்க வேண்டும். காவல்துறை கூப்பிட்டு, விளக்கேற்றுவது இன்னார் என்ற பகுதியைக் கேட்டீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், எல்லாம் போயிற்று.

“கூப்பிடுங்க ஐயா. முடிவை மட்டும் சொல்லிடாதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்” என்று மேசையில் தலை படக் குனிந்தேன். தண்டனையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை என்பதை உதவி ஆய்வாளரே இங்கே குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு, காவல்துறை முடிவைச் சொல்லாமல் கூப்பிட்டதன் பேரில், அரைத்தூக்கம் தகமத்சு நகரிலிருந்து தனியாக ரயிலேறி நிலையத்துக்கு வந்தார். தன் பெயரைச் சொல்லப்போனபோது நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அது அவருடைய தனி வாக்குமூலத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியாது. அவருடைய வெள்ளைக் கைத்தடியில் உப்புத் துறைமுகத்தின் கலங்கரை விளக்கப் பொம்மை தொங்கியது. முதல் பாகத்தோடு இலவசமாக வந்தது. என்னுடையதை நான் தொலைத்துவிட்டேன்.

அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே, “இஞ்சி சான் இங்க இருக்காரா? யோவ், அந்தக் கிளையை எனக்காகவா வெட்டுனீங்க?” என்றார். நான் ஆமாம் என்றேன். “கண்ணுதான் போச்சு. நெஞ்சு நல்லாத்தான் இருக்கு” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு உதவி ஆய்வாளர், நான் வாசித்துப் பதிவு செய்ததும் கைப்பற்றிய வட்டில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்று இருவர் முன்னிலையிலும் சரிபார்க்க வேண்டும் என்றார். விட்டுப்போன பகுதி எது என்பதையும் உறுதி செய்ய வேண்டுமாம், ஆகவே அதையும் வாசிக்கச் சொன்னார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் சொன்னார். விசாரணை அறையில் பெட்டியை இணைத்தார்கள். நான் வாசித்தேன். கிளை பிரியும் இடங்களில் அரைத்தூக்கம் தேர்ந்தெடுத்தார். ஒரு இடத்தில் உதவி ஆய்வாளர், “கப்பல்ல ஏறாதீங்க” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

சீட்டு கொடுக்கும் பெண்ணின் கிளையில் நான் ஒரே வரியை இரண்டு முறை வாசித்துவிட்டேன். அரைத்தூக்கம் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். அந்தப் பெண் ஜன்னலில் வரும் கைகளைத் தொட்டே ஆட்களை அடையாளம் சொல்லும் இடம் வந்ததும், “இதை எழுதினவருக்கு விஷயம் தெரியுது. மூணு பாகத்துலயும் இதுதான் ஒசத்தி. இதையா மறைச்சீங்க?” என்றார். அதன் பிறகு கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். விளக்கேற்றுவது யார் என்ற வரியையும் வாசித்து முடித்தேன். நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. அவர் கைத்தடியில் தொங்கிய பொம்மையை விரலால் தடவினார்.

“இவ்வளவுதானா?” என்றார். “சப்புனு இருக்கு. இதுக்கா போலீஸ் வரைக்கும் வந்தீங்க?”

நான் மறுத்தேன். இரண்டாம் பாகத்துப் படகுச்சீட்டு ஜன்னல் காட்சியை அவர் மறந்துவிட்டார் என்றேன். மறக்கவில்லை, அதனால்தான் சப்பென்று இருக்கிறது என்றார். இருவரும் குரலை உயர்த்தினோம். உதவி ஆய்வாளர் மேசையைத் தட்டி, இது காவல் நிலையம் என்று நினைவுபடுத்தினார். கண் போன பிறகு அவர் என்னோடு இப்படிச் சண்டை போட்டதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விதியை மீறியது நான். நிறுவனத்துக்கும், முடிவை யார் வாயாலோ தெரிந்துகொள்ள நேர்ந்த ரசிகர்களுக்கும் என்னால் நட்டம். தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன்.

மேற்கண்டவை அனைத்தும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. முடிவைப் பற்றிய விவாதத்தில் நான் வாயடைத்துப் போனதாக இருந்த வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன், அடிக்கப்பட்டது. மற்றவை யாவும் யார் கட்டாயமும் இல்லாமல் நானே சொன்னவை, எனக்குத் தெரிந்தவரை உண்மை. அந்த முடிவு நன்றாகவே இருக்கிறது என்பதையும் உண்மையென்றே சொல்கிறேன். சாட்சி அதை ஏற்கவில்லை.

கையெழுத்தோடு பதிக்க வேண்டிய பெயர் முத்திரை கையில் இல்லாததால் இடது சுட்டுவிரல் ரேகை வைத்துள்ளேன்.

(ஒப்பம்) கூரமோச்சி யசுஹிதே