மாசானத்தை ஊரே மறந்த நாள்

சிரிக்க வைக்கிறேன். ஆனா இப்ப இல்லை. முதல்ல ஒரு பிள்ளை அழுதாகணும்.

ரொம்ப காலத்துக்கு முந்தி, கடலோரத்துல அளத்துக்கரைன்னு ஒரு ஊரு. அங்க மாசானம்னு ஒருத்தர் உப்பளத்துல வேலை பார்த்தாராம். தலை நிறைய முடி, கன்னம் வரைக்கும் மீசை. மகள் பேச்சிக்கு மூணு வயசு. அந்த மீசையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவாளாம்.

மாசானம் நேர்ச்சைக்குத் திருச்செந்தூர் நடந்தார். முடியும் மீசையும் சாமிக்குப் போச்சு. வழியெல்லாம் அரோகரா போட்டதுல குரலும் போச்சு. பத்தாம் நாள் சந்தனத் தலையோட வாசல்ல வந்து நின்னு கையை நீட்டினார். பேச்சி வீல்னு கத்திட்டு ஆத்தா சேலைக்குள்ள போயிட்டா.

"ஏட்டி, அப்பாதான்."

"இல்ல. அப்பா திருச்செந்தூர் போயிருக்கு."

முதல் நாள் மாசானம் சிரிச்சாராம். மறுநாள் கருப்பட்டியைக் காட்டிக் கூப்பிட்டாராம். அவள் ஊர்ப் பாதையில போய் நின்னுக்கிட்டு, வராத அப்பாவைப் பார்த்துக்கிட்டே இருந்தாளாம். இவர் தூக்கிட்டு வருவார், அவள் திரும்பப் போவாள். மூணாம் நாள் பிள்ளைக்குச் சோறும் இறங்கலை. அவளுக்கு நிஜமாவே அடையாளம் தெரியலைன்னு பெண்சாதி வெள்ளையம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். மாசானம் கேக்கலை.

"பெத்தவனைத் தெரியாதா? எல்லாம் திமிரு. நாளைக்குப் புளிய விளாறை எடுக்கேன். அப்பான்னு சொல்ற வரைக்கும் விடமாட்டேன்."

கதவோரம் நின்னு இதைக் கேட்டது வெள்ளையம்மாவோட தங்கச்சி உடைச்சி. பதினாறு வயசு. ஊர்ல யார் பேசினாலும் அந்த வாயை அப்படியே எடுத்து வச்சுக்குவா. அத்தான் இருமலை அத்தானைவிட நல்லா இருமுவா. சாயங்காலமே வீடு வீடாப் போனாளாம். ஆளாளுக்கு அவங்கவங்க குரல்லயே சொல்லிக்குடுத்தாளாம், நாளைக்கு என்ன பேசணும்னு.

விடிஞ்சுது. இனிமே சிரிச்சுக்கலாம்.

மாசானம் அளத்துக்குப் போனார். கங்காணி மூக்கால பேசுற ஆள். "யாருய்யா நீரு? வேலை கேட்டா வந்தீரு? இது மாசானத்தோட உப்புப் பாத்தில்லா. அவன் கோயிலுக்குப் போயிருக்கான்."

விளையாட்டுன்னு நினைச்சுக் கூட்டாளி சொள்ளமுத்துகிட்ட போனார். முழங்கால் தழும்பைக் காட்டினார். சொள்ளமுத்து குனிஞ்சு, தொட்டு, நல்லாப் பார்த்தானாம். "அவனுக்கும் இதே இடத்துலதான். என்ன ஒத்துமை."

வெத்திலைக்கடைக் கிழவர் ஊரு பேரு விசாரிச்சார். தண்ணி எடுத்துட்டு வந்த பொம்பளைங்க அயலூர் ஆம்பளைன்னு ஒதுங்கி நடந்தாங்க. வீட்டுக்கு ஓடினால் வெள்ளையம்மா கதவைப் பாதி திறந்து, வெயில்ல வந்த ஆளுக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு செம்பு மோர் நீட்டினாளாம். வீட்டுக்காரர் இல்லைன்னாளாம்.

கோபம் வந்துது. அப்புறம் பயம் வந்துது. நான்தான், நான்தான்னு சொல்லச் சொல்ல, அந்த வார்த்தை அவருக்கே பொய் மாதிரி கேட்டுதாம். மொட்டைத் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஊர்ப் பாதையோரம் குந்தி, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கொஞ்சம் தள்ளி ஏற்கெனவே ஒரு ஆள் காத்துக்கிட்டு இருந்தது. பேச்சி. யாரோ அழுறாங்கன்னு பார்த்தாள். பார்த்துக்கிட்டே இருந்தாள். பிறகு கேட்டாளாம்:

"உன் அப்பாவும் வரலையா?"

நான்தாண்டின்னு சொல்ல வாயைத் திறந்தார். துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டு வேற சொன்னார்.

"ஆமா தாயி. வரலை. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பேச்சி ஒரு சாண் நகர்ந்து, பக்கத்துல உக்காந்தாளாம். வேலிக்கு அந்தப்பக்கம் உடைச்சி வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறதை அப்பதான் மாசானம் பார்த்தார். திட்டலை. புரிஞ்சுதுங்கிற மாதிரி தலையை மட்டும் ஆட்டினாராம்.

இன்னைக்கும் அளத்துக்கரையில எந்தத் தகப்பனும் தனியாப் போய் மொட்டை போட மாட்டான். பிள்ளையை எதிர்ல உக்கார வச்சுக்குவான். பாதித் தலை ஆனதும் கத்தி நிக்கும். அதுக்கு உடைச்சி நிறுத்தம்னு பேரு. பிள்ளை முடியிருக்கிற பக்கத்தையும் தொடும், முடியில்லாத பக்கத்தையும் தொடும். அப்பான்னு அதுவாச் சொல்லணும். சொல்லுன்னு யாரும் கேக்கக் கூடாது. அது வரைக்கும் அரை மொட்டையோட உக்காந்திருக்க வேண்டியதுதான்.