துளையில்லாத துப்பாக்கி

பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது? இது நடந்தது நல்ல உச்சிவெயிலில். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... டேய், நீ சிரிக்காதே. முதலில் போர்வையை இழுத்துக்கொள்ளப் போகிறவன் நீதான்.

என்னோடு வேலை பார்க்கும் டிரைவரின் பெரியப்பா மகனுக்கு நேர்ந்தது. சினிமா படப்பிடிப்புக்குத் துப்பாக்கி கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். எல்லோருக்கும் அவர் துப்பாக்கி அண்ணன். வாயைத் திறந்தால் நமக்கு வயிறு வலிக்கும், அவ்வளவு சிரிப்பு. அதெல்லாம் போன வருஷம் வரைக்கும்.

அன்றைக்கு ஆள் நடமாட்டமே இல்லாத ரோடு. வேனில் அவர் மட்டும். பின்னால் ஒரே பெட்டியில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று இந்தக் காலத்துப் பிஸ்டல், நிஜம். பிடிக்குள் குண்டுகளை அடுக்கிய மேகஸின். ஒரு குண்டு வெடித்தால் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். இன்னொன்று ராஜா காலத்து மாதிரி. மரப்பிடி, விசையை இழுத்தால் வந்து அடிக்கும் வளைந்த சுத்தியல், பார்வைக்கு ஜோர். ஆனால் பொம்மை. குழலின் வாயில் நகம் ஆழத்துக்கு ஒரு குழி, அதற்குப் பின்னால் கெட்டி இரும்பு.

போன வருஷம் இதே மாதிரி ஒரு பிஸ்டல்தான் சண்டை நடிகர் ஒருவரைக் கொன்றது. அண்ணன் மேகஸினை உருவிவிட்டுக் காலி என்று கொடுத்துவிட்டார். ஏற்கெனவே குழலுக்குள் ஏறியிருந்த ஒரு குண்டை அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து, சுண்டுவிரலை விட்டுப் பார்க்காமல் யார் கையிலும் தரமாட்டார். பொம்மைக்கு என்ன சோதனை... துடைத்து வைப்பதோடு சரி.

பாதி தூரம் போயிருப்பார். பின்னால்... டிக். இரும்பு நகர்கிற சத்தம். அப்புறம் வெடிமருந்து வாசனை. கரிந்த துணி வாசனையும் கூட.

வண்டியை ஓரங்கட்டினார். பிஸ்டலைத் திறந்து விரலை விட்டார். காலி. மறுபடியும் விட்டார். காலிதான். அப்புறம்தான் பொம்மையைப் பார்த்தார். அதன் சுத்தியல் பின்னால் இழுபட்டு நின்றது. குழல் கையைச் சுட்டது, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி.

அன்றைய காட்சியில் அந்தப் பொம்மையால் சுடப்பட்டு விழ வேண்டியவன் யார் தெரியுமா? அவர் மனைவியின் தம்பி. தோளில் தூக்கி வளர்த்த பையன். அண்ணன் பொம்மையை ரோட்டோரக் குட்டையில் வீசினார். மூழ்கும்வரை நின்று பார்த்தார்.

படப்பிடிப்பில் பெட்டியைத் திறந்தால்... உள்ளே இருந்தது. ஈரமாக. மரப்பிடியில் பாசி.

இயக்குநரின் காலைப் பிடித்தார். "சார், இது வேணாம் சார். அந்த நிஜத்தையே குடுங்க. அதையாவது தொறந்து பாக்கலாம். இத எப்படிப் பாக்கறது?"

"பொம்மைக்குப் போய் இப்படி நடுங்குறீங்களே. வெயில் தலைக்கு ஏறிடுச்சா?" என்றார் அவர்.

அண்ணனுக்கு வேறு வழி தெரியவில்லை. மச்சினனின் சட்டையைக் கழற்றி வாங்கித் தான் போட்டுக்கொண்டார். "நீ தள்ளி நில்லு மாப்ள. முதுகுதானே தெரியப்போகுது, நானே விழறேன்."

எதிரே நின்ற நடிகர் பொம்மையின் விசையை இழுத்தார். டிக். அவ்வளவுதான். சுற்றிலும் சிரிப்பு. அண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மண்டிபோட்டு அழுதார். மச்சினன் தூக்கிவிட வந்தான்.

"என்ன மாமா நீங்க... ஒண்ணுமே..."

முடிக்கவில்லை. அவர் மடியிலேயே சரிந்தான். நெஞ்சில் ஒரு துளை. வெடிச்சத்தம் எவர் காதிலும் விழவில்லை. பொம்மையின் குழல் கெட்டியாகத்தான் இருந்தது.

இதை எந்த வாயால் மனைவியிடம் சொல்வது? ஆஸ்பத்திரி வராந்தாவில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் போன் செய்தார். அவர் தொடங்குவதற்குள் அவளே பேசினாள்.

"எங்க இருக்கீங்க? தம்பி அப்பவே வந்துட்டான். சட்டைகூட இல்லாம உக்காந்திருக்கான், ஒரு வார்த்தை பேசல. கூட ஒருத்தரக் கூட்டிட்டு வந்திருக்கான். போன வருஷம் உங்ககூட வேலை பாத்தவராம்... அவர்தான் பேசறாரு. நீங்க வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் இருப்பாங்களாம்."