நான் தூர்த்த குழி

அவைக்குத் தலைமை தாங்கும் நாட்டாண்மை நல்லுசாமி ஐயா அவர்களே! அம்மன் திருவிழாவை அணிசெய்யக் கூடியிருக்கும் அரியலூர்ச் சீமைப் பெரியோர்களே! பெற்று வளர்த்துப் பேணிக் காக்கும் தாய்மார்களே! அரங்கநாதனின் அன்பான வணக்கம்.

பொறுங்கள், பொறுங்கள்! கை தட்டாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நாளைக் காலை தேர் புறப்படும்போது இருபத்தோரு அதிர்வேட்டுப் போடப் போகிறார்கள். அதில் ஒன்றுகூட வேண்டாம் என்று கெஞ்சவே இந்த மேடை ஏறினேன்.

வேட்டுப் போடும் ராசாங்கம் எழுந்துவிட்டார். "வேட்டுச் சத்தமில்லாம தேரு எப்படிங்க கெளம்பும்?" என்கிறார். கிளம்பும் தம்பி! வடம் பிடிப்பவன் தோள்வலியால் கிளம்பும். உட்கார்ந்து கேளுங்கள்.

என் தங்கை மகள் சிந்தாமணிக்கு வயது பதினான்கு. ரங்கூனில் குண்டு விழுந்தது, வீடு விழுந்தது, பெற்றவர்கள் விழுந்தார்கள். போன ஆண்டு, காடும் மலையும் கால்நடையாய்க் கடந்து என்னிடம் வந்து சேர்ந்தாள். உடல் வந்தது, உறக்கம் வந்ததா? உள்ளம் வந்ததா?

வந்த மூன்றாம் நாளே மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மண்வெட்டியோடு நின்றாள். இடுப்பளவு ஆழம், கட்டிலளவு அகலம், அப்படியொரு குழி! "வூட்டுக்குப் பின்னால பொணக்குழி வெட்டுறாளேங்க, பேய் புடிச்சிருக்கு" என்று என் மனைவி பஞ்சவர்ணம் எங்கள் சின்னப் பையனை அணைத்துக்கொண்டு பதறினாள். நானும் நம்பினேன். குழியைத் தூர்த்தேன். உடுக்கை அடிப்பவரை வரவழைத்து வேப்பிலையால் அடிக்க வைத்தேன். அடைக்கலம் என்று வந்த பிள்ளையை அடிக்க வைத்தேனே, நான் மனிதனா?

அடுத்த வாரம் பக்கத்துக் கொல்லையில் கிணறு வெட்டப் பாறைக்கு வெடி வைத்தார்கள். முதல் வெடிக்கே கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். குழி இல்லை! நகத்தால் மண்ணைப் பிறாண்டினாள். இரண்டாம் வெடி வெடித்தது; என் கிணற்றுக்குள் குதித்துவிட்டாள்.

கயிறு கட்டி இறங்கினேன். கழுத்தளவு நீரில் கல்லைப் பற்றிக்கொண்டு நடுங்கியவள் என்ன கேட்டாள் தெரியுமா?

"மாமா, ஏரோப்பிளேன் போயிடுச்சா? நீங்க, அத்தை, தம்பி, நான், நாலு பேரும் பதுங்கத்தானே குழி வெட்டுனேன். ஏன் மாமா மூடிட்டீங்க?"

அவளுக்குப் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அச்சம்! ஆகாயத்திலிருந்து விழுந்த அச்சம்! இன்று அந்த அச்சம் என்னையும் பிடித்துக்கொண்டது.

"புள்ளைய வெளியூருக்கு அனுப்பிடுங்க" என்று யாரோ சொல்கிறீர்கள். ஓடி ஓடி உயிர் தப்பியவளை இன்னும் ஓடச் சொல்கிறீர்களா?

அதோ, தாய்மார்கள் பக்கத்தில் பஞ்சவர்ணத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் மேடை ஏறியபோது நீங்கள் தட்டினீர்களே, அப்போதே குனிந்துவிட்டாள். இன்னும் நிமிரவில்லை. ஆகவே, சம்மதம் என்பவர்கள் கை தட்ட வேண்டாம். கையை உயர்த்துங்கள்.

தலைவர் உயர்த்திவிட்டார். தாய்மார்கள் அத்தனை பேரும் உயர்த்திவிட்டார்கள். தம்பி ராசாங்கம், உங்கள் கை மட்டும் இன்னும் மடியிலேயே இருக்கிறது. வேட்டு மருந்து உங்களிடம்தானே இருக்கிறது?

நான் தூர்த்த குழியை இன்று காலை நானே திரும்ப வெட்டிவிட்டேன். நால்வருக்கும் இடம் இருக்கிறது. நாளை அது வெறுமையாய்க் கிடக்க வேண்டும், தம்பி.

கேட்டிருந்த அனைவருக்கும் நன்றி. சத்தமில்லாமல் கலைந்து செல்லுங்கள். வணக்கம்.