நாலு வாரத்துக்கு ஒரு முறை

இந்த மேசையில் டீக் கறை இருக்கிறது, ஐயா. துடைத்துவிட்டுச் சொல்கிறேனே. இருபது வருடம் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை பார்த்தவள். அழுக்கைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது.

மருந்து மரத்தின் துளிரை நறுக்கிக் கண்ணாடிப் புட்டியில், சத்துக்கூழில் நடுவது என் வேலை. நாலு வாரத்தில் கூழ் கறுத்துவிடும். அதற்குள் புதுப் புட்டிக்கு மாற்றாவிட்டால் செடி செத்துப்போகும். மர வகைகள் ஒரு நாள் பிந்தினாலும் முறைத்துக்கொள்ளும்.

அப்படி மாற்றுகிற ஒரு நாளில் தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு. உன்னையேதான் கேக்குறாங்க, உடனே வா." முதலாளியிடம் ஓடினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"செடி காத்திருக்காதும்மா. அம்மா காத்திருப்பாங்க. முடிச்சிட்டுப் போ."

முந்நூறு புட்டிகளையும் முடித்துவிட்டுப் போனேன். அம்மா காத்திருக்கவில்லை. அன்றைக்கே அவரை வெறுத்தேன், அதை மறைக்க மாட்டேன்.

நாங்கள் வளர்த்தது, நெஞ்சுக்கு நல்லதென்று பட்டையைக் காய்ச்சிக் குடிக்கிற மரம். அதே இனத்தில் இன்னொன்று உண்டு. அதன் பட்டை நெஞ்சை நிறுத்திவிடும். புட்டிக்குள் இரண்டும் ஒரே விரல் உயரப் பச்சை. வித்தியாசம் சீட்டில்தான், சீட்டு எழுதுவது நான். யாரையும் நம்பாத முதலாளி என் கையெழுத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார்.

நல்ல மரத்தின் சீட்டை ஒட்டி, மூன்று வருடம் அந்த இன்னொன்றைப் புட்டியில் பெருக்கினேன். ஏழு வருடம் தோப்பில் வளர்ந்தது. சோதனைக்குப் பழைய மரத்தின் பட்டையைக் கொடுத்து அனுப்பினேன்.

புதுத் தோப்பின் முதல் கஷாயத்தை எல்லோர் முன்னாலும் தானே குடிப்பதில் முதலாளிக்கு ஒரு பெருமை. குடித்தார்.

"கசப்பு கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்று என்னைத்தான் கேட்டார்.

"பழகிடும் சார்," என்றேன். அன்றைக்கு எனக்கு நன்றாகப் பசித்தது.

அதற்குள் பட்டை கடைகளுக்கும் போயிருந்தது. செத்தது பதினாலு பேர் என்கிறீர்கள். அவர்களில் சிலருக்கு என் அம்மா வயதிருக்கும். எனக்கும் அவர்களுக்கும் ஒரு விரோதமும் கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆத்திரத்தில் செய்தேன் என்று போட்டிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். நாலு வாரத்துக்கு ஒரு முறை, கையைக் கழுவிக்கொண்டு, முப்பத்தொன்பது முறை அந்தச் செடியைப் புதுக் கூழுக்கு மாற்றியிருக்கிறேன். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. ஆத்திரக்காரி இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருப்பாளா, ஐயா?