ஆடு பொழச்சுதா?

...அதில்ல தம்பி, நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. கேக்குறேன், அவ்வளவுதான். வீடு மாத்துற லாரின்னா சாமானப் பத்திரமா கொண்டாரணுமா வேண்டாமா? இந்தப் பெட்டியப் பாருங்க. மேல ஒட்டுன டேப்பு இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. என்ன? ஏத்தும்போது நல்லா இருந்துச்சா? நீங்களே கொஞ்சம் முன்னாடி இங்க இறக்கி வச்சப்பவும் நல்லா இருந்துச்சா? அப்பத் தானா பிரிஞ்சுக்கிச்சுங்கிறீங்களா... சரி, பிரிஞ்சிருக்கும். வெயிலுக்குப் பசை இளகியிருக்கும். ஆங், அதான். என் தங்கச்சி வந்து கேட்டா அப்படியே சொல்லிடுங்க. வெயில்னு. நீங்க சொன்னா நம்புவா. நான் சொன்னா நம்ப மாட்டா.

அந்தப் பீரோக் கண்ணாடியக் கீழ வைங்களேன், எதுக்குத் தூக்கிக்கிட்டே நிக்கிறீங்க? ஓ... நான்தான் வழியில நிக்கிறேனா? சொல்ல வேண்டியதுதானே! உங்களுக்கு வாயில்லையா? சரி, அந்தச் சுவத்துல சாய்ச்சு வைங்க. உக்காருங்க. தண்ணி குடிங்க. மிச்சம் என்ன இருக்கு லாரியில, ஒரு கட்டிலும் தையல் மெஷினும்தானே? அது எங்க ஓடிடப் போகுது?

சாமான் பூரா அவளுது. என்னவிட ரெண்டு வயசு சின்னவ. இவ்வளவு நாளா வாடகை வீட்டுல தனியா இருந்தா. வீட்டு ஓனரு வீட்டையே வித்துட்டாரு. "பேசாம இங்க வந்துடு, என் பையன் ரூம் சும்மாத்தானே கெடக்கு"ன்னேன். உடனே வந்துடுவாளா? அவ யாரு! மூணு மாசம் யோசிச்சா. "நீ ரொம்பப் பேசுவ, எனக்குத் தலைவலி வரும்"ங்கிறா. நான் பேசுவேனாம்! டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேல பாத்தவ பேசாம என்ன செய்வா? அவ ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கிற வேல. ஊசியக் காட்டுனா எதிர்ல இருக்கறவன் தானா வாய மூடிக்குவான். பழகிப்போச்சு அவளுக்கு.

கடைசியில இன்னைக்குத்தான் வர்றா. சாயங்காலம். வாசல்ல காலெடுத்து வைக்கும்போதே இந்தப் பெட்டி இப்படித் தொறந்து கெடந்துச்சுன்னு வைங்க... அவ்வளவுதான். அதே லாரியில திருப்பி ஏத்துன்னு உங்களயே கூப்புடுவா. விளையாட்டுக்குச் சொல்லல தம்பி. ஒரு தடவ ரெண்டு நாள் தங்க வந்தவ, அவ மூக்குக் கண்ணாடிய நான் கேக்காமத் தொடைச்சு வச்சேன்னு மத்தியான பஸ்ஸுக்கே கெளம்பிட்டா. ஒரு மாசமா அந்த ரூமத் தொடைச்சு, தொடைச்சு, ஜன்னலுக்குப் புதுத் திரை தச்சுப் போட்டு... தனியா இருந்து பாத்தாத் தெரியும் உங்களுக்கு. டிவியோட எவ்வளவு நேரம் சண்டை போடுறது?

பெட்டி மேல என்ன எழுதியிருக்கான்னு படிச்சீங்களா? படிங்க, படிங்க. "திறக்கக் கூடாது." சரி, எல்லாரும் எழுதுறதுதான். அதுக்குக் கீழ? "அக்கா, உன்னைத்தான்." பாத்தீங்களா கொழுப்ப! லாரிக்காரர், கூலிக்காரர், தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாரும் படிக்கிற மாதிரி இம்மாம் பெரிய எழுத்துல! என் மானம் லாரியேறிப் போச்சு.

என்ன கேட்டீங்க? உள்ள என்னவா? நகையும் இல்ல, பணமும் இல்ல. கதை. பாதிக் கதை.

சிரிக்காதீங்க, சொல்றேன். எங்கப்பாவுக்கு அச்சாபீஸ்ல வேல. புஸ்தகம் எப்படி அடிக்கிறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு? ஒவ்வொரு பக்கமா அடிக்க மாட்டாங்க. ஒரு பெரிய தாளுல பதினாறு பக்கத்த மொத்தமா அடிச்சு மடிப்பாங்க. அதுக்குப் பேரு பாரம். இப்படிப் பல பாரத்த அடுக்கித் தச்சாத்தான் புஸ்தகம். மை ஊறிப்போனது, கோணலா விழுந்தது, சுருங்குனதுன்னு கெட்டுப்போன தாளு தெனமும் சேரும்ல? அத எங்கப்பா வீட்டுக்குக் கொண்டாந்துடுவாரு. அதுதான் எங்களுக்குப் புஸ்தகம். அட்டை கெடையாது, பேரு கெடையாது, எழுதுனது யாருன்னு கெடையாது. நடுவுல ஏதோ ஒரு பாரம். மடிப்பக்கூட அம்மாவோட கொண்டை ஊசிய விட்டு நாங்களே கிழிச்சுத்தான் படிக்கணும்.

ஊர்ல எல்லாரும் சின்ன வயசுல புடிச்ச புஸ்தகம்னு பேரு சொல்லுவாங்க. என்னக் கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? ஒரு துப்பறியும் கதை இருந்துச்சு தம்பி, உசுரு எனக்கு. துப்பறியறவருக்கு மூக்குல கட்டு. எப்படி அடிபட்டுச்சு? அது முன்னாடி பாரத்துல இருந்துருக்கும். கட்ட எப்பப் பிரிச்சாங்க? அது பின்னாடி பாரத்துல. எனக்கு அந்த மனுஷன் ஆயுசு பூரா மூக்குக் கட்டோடதான். இன்னொண்ணுல ஒரு பக்கம் திருடன் மதிலேறிக் குதிப்பான், தாளத் திருப்புனா மண்புழு எப்படி மூச்சு விடுதுன்னு பாடம். வேற ஏதோ புஸ்தகத்த மாத்தி அடிச்சுட்டாங்க. நான் ரொம்ப நாளா திருடன்தான் மண்புழுவா மாறிட்டான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்! நல்லாத்தான் இருந்துச்சு அதுவும்.

சில நாளு அதிர்ஷ்டம் அடிக்கும். ஒரே கதையில அடுத்தடுத்த ரெண்டு பாரம் வந்துரும். முதல்ல வர்றது எனக்கு, அடுத்தது அவளுக்கு. அவங்கவங்க பாரம் அவங்கவங்களுக்குச் சொத்து மாதிரி. ஒருத்தி தொட்டதை இன்னொருத்தி தொட்டா வீடு ரெண்டாயிடும். அதனால அப்பா ஒரு வழி சொன்னாரு. படிக்கிறது அவங்கவங்களுத, கேக்குறது அடுத்தவளுத. நான் என் பாதிய வாயால சொல்லணும், அவ அவ பாதிய வாயால சொல்லணும். நல்லாத்தான் போச்சு... ஆனா இவ கேப்பா பாருங்க! ராஜகுமாரன் போருக்குப் போனான்னு சொன்னா, "போறதுக்கு முன்னாடி என்ன சாப்ட்டான்?"ம்பா. அதுல போடலடின்னா விட மாட்டா. "பசியோடவா போனான்?"னு கண்ணுல தண்ணி வச்சுக்குவா. கதையில வர்ற குதிரை, கழுதை, கொள்ளைக்காரன், எல்லாத்துக்கும் நான் சோறு போடணும்!

அப்படி வந்ததுதான் இந்த ஆட்டுக் கதை.

ஒரு கலங்கரை விளக்கம். அதுல வெளக்கேத்துறவரு, அவரு பொண்ணு, ஒத்தக் கொம்பு ஆடு ஒண்ணு. அப்பன் கடலுக்குப் போயிருக்கும்போது புயலு. பொண்ணு படகெடுத்துக்கிட்டு அவரத் தேடிப் போறா. அந்த ஆடு இருக்கே, அது நானும் வர்றேன்னு குதிச்சுப் படகுல ஏறிடும்! ஐயோ தம்பி... இன்னைக்கு நெனச்சாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அலை வருது, படகு ஆடுது, ஆட்டக் கட்டியிருந்த கயிறு அறுந்துச்சு. "உடனே அவள்"...

அவ்வளவுதான். "உடனே அவள்"ங்கறதோட என் பாரம் முடிஞ்சுபோச்சு.

எனக்கு இருப்புக் கொள்ளுமா? என் பாதிய இவகிட்ட அவசர அவசரமாச் சொல்லி முடிச்சேன், அப்பத்தானே அவ பாதியச் சொல்லுவா! அவ நிறுத்துனா. "ஆடு என்ன சாப்ட்டுச்சு?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "புயலடிக்குதுடி, சாப்பாடா முக்கியம்? போடி"ன்னுட்டேன். அவ தன்னோட பாரத்த மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள சொருகிக்கிட்டா. "நானும் சொல்ல மாட்டேன், போ."

அன்னைக்குச் சொன்னதுதான் தம்பி. இன்னி வரைக்கும் சொல்லல!

கெஞ்சுனேன். ரிப்பன் தர்றேன்னேன். அப்பாகிட்டப் புஸ்தகத்தோட பேரு கேட்டேன், "எத்தனையோ அடிக்கிறோம், எதுன்னு கண்டேன்"னுட்டாரு. கல்யாணமாகிக் கெளம்பும்போது, வண்டியில ஏறுன பெறகு தலைய வெளிய நீட்டி, "இப்பவாவது சொல்லுடி, ஆடு பொழச்சுதா?"ன்னேன். எல்லாரும் அழுதுக்கிட்டு இருக்காங்க, இவ மட்டும் அழுதுக்கிட்டே, "சொல்ல மாட்டேன் போ!" எக்ஸ்சேஞ்சுல வேல கெடச்சதும் கூட்டம் இல்லாத நேரத்துல அவ ஆஸ்பத்திரிக்கு லைனப் போடுவேன். ஹலோன்னு சொல்ல மாட்டேன். ஆடு பொழச்சுதாம்பேன். சொல்ல மாட்டேம்பா. டொக்குன்னு வைப்பா. அதுதான் நாங்க நலம் விசாரிக்கிற அழகு.

எங்க வீட்டுக்காரர் தவறிப்போனப்ப... ஒரு வாரம் நான் யாருகிட்டயும் வாயத் தொறக்கல. நானு! நம்புவீங்களா? இவ வந்து பக்கத்துல உக்காந்தா. ஆறுதல் அது இதுன்னு ஒரு வார்த்தை பேசல. "நீ கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்"னா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. அழுகையும் சிரிப்புமா வந்து, அப்பறம்தான் ஒரு வாய் தண்ணி எறங்குச்சு.

சரி, கெடக்கட்டும். நீங்க எதுக்கு அங்கயே பாத்துக்கிட்டு இருக்கீங்க? எது? கத்தியா? அது... பழம் நறுக்க வச்சிருந்தேன். பழம் எங்கயா? சாப்ட்டாச்சு. தோலா? தோலோடதான் சாப்டுவேன். கத்தியில டேப்பு ஒட்டியிருக்கா? எங்க... ஆமாம்ல.

இங்க பாருங்க தம்பி, முறைக்காதீங்க. நீங்க பீரோக் கண்ணாடி எடுக்கக் கீழ போனீங்களா, பெட்டியும் நானும் தனியா இருந்தோமா... "அக்கா, உன்னைத்தான்"னு அது என்னயே பாக்குது! எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி தாங்குவா? ஒரே ஒரு பக்கம் பாத்துட்டு மூடிடலாம்னுதான் கீறுனேன். உங்க மேல பழியப் போட்டது தப்புதான், மனசுல வச்சுக்காதீங்க. டீ போட்டுத் தர்றேன்.

இருந்துச்சு. அடியில, பழைய புடவையில சுத்தி, அவ பாரம். மடிப்பெல்லாம் நைஞ்சு போயிருக்கு, அத்தனை தடவ பிரிச்சுப் படிச்சிருக்கா. நின்னுக்கிட்டே படிச்சேன். "உடனே அவள்" துடுப்பப் போட்டுட்டுப் பாயிறா தம்பி! அலை ஆட்டத் தூக்கிக்கிட்டுப் போகுது. இவ கைய நீட்டுறா, எட்டல. மறுபடியும் நீட்டுறா. பக்கம் பக்கமாப் போகுது, அப்பனக் காணோம், கரையக் காணோம், ஆடு மட்டும் தெரியுது மறையுது, தெரியுது மறையுது. கடைசிப் பக்கம், கடைசி வரி. "கொம்பு அவள் கையில் சிக்கியது. ஆனால்"...

ஆனால். அதோட முடிஞ்சுபோச்சு. அவளுதும் நடுப் பாரம் தம்பி! கடைசிப் பாரம் எங்க வீட்டுக்கு வரவே இல்ல. அது கெட்டுப்போகாம ஒழுங்கா அடிச்சு, ஒழுங்காத் தச்சு, எந்த மகராசி வீட்டுக்குப் போச்சோ!

அவளுக்கே தெரியாது. புரியுதா உங்களுக்கு? இத்தன வருஷமா சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு பிகு பண்ணாளே, சொல்றதுக்கு அவகிட்ட ஒண்ணுமே இல்ல! தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கேக்குறத நிறுத்தியிருப்பேன். அதனாலதான் சொல்லல. கழுதை... கேட்டுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுருக்கா. நானாவது அவகிட்டக் கேட்டேன். அவ யாருகிட்டக் கேப்பா? மொத நாளு ராத்திரி அந்தச் சின்னப் பொண்ணு "ஆனால்"ங்கறத வச்சுக்கிட்டு எப்படித் தூங்கியிருப்பா?

அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சிலால ஒரு ஆடு வரைஞ்சிருக்கா. ஒத்தக் கொம்பு. நாலு காலும் தரையில இருக்கு. வாய் நெறையப் புல்லு.

...ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. உங்க அட்டைப் பெட்டித் தூசிதான்.

சுத்தி, இருந்த மாதிரியே வச்சுட்டேன். அவ கிட்ட ஒரு வார்த்தை மூச்சு விட மாட்டேன். இவ்வளவு நாளு அவ சொல்லாம இருந்தால்ல? இனிமே நான் சொல்லாம இருக்கேன். என்னால முடியாதுன்னு நெனக்கிறீங்க, இல்ல? முடியும். பாருங்க நீங்க. உங்ககிட்ட டேப்பு இருக்குமா தம்பி? அதே பழுப்புக் கலர்ல? தம்பி? எங்க போயிட்டீங்க? ஆளயே காணோம்! கட்டில் எப்ப வந்துச்சு? மெஷினயும் கொண்டாந்து வச்சுட்டாரே! நான் இவ்வளவு நேரம் யாருகிட்ட... அட, டேப்பு. பெட்டி மேலயே வச்சுட்டுப் போயிருக்காரு. நல்ல மனுஷன். நல்லா இருக்கட்டும்.

கீழ யாரு அது? வந்துட்டாளா! இப்பவேவா? சாயங்காலம்னாளே! கருமம், இந்த டேப்பு நுனி எங்கதான் இருக்கு... ஆங். இந்தா. ஒட்டு, ஒட்டு...

வந்துட்டியாடி! மெதுவா ஏறு, மெதுவா. பெட்டியெல்லாம் பத்திரமா வந்து சேந்துருச்சு, ஒரு டேப்புகூடப் பிரியல. வேணும்னா லாரிக்காரரக் கேட்டுக்கோ. மூச்சு வாங்குறது நானா? படிக்கட்டு ஏறுறது நீ, மூச்சு வாங்குறது நானாம்! கொஞ்சம் நில்லு. உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வா.

அந்த ஆடு பொழச்சுதா?

...சரி சரி, வா. நாளைக்குக் கேக்குறேன்.