கண்ணாடிக் கடை நிறுத்தத்தில் ஒற்றை மணி

மணி பத்தே முக்கால். மழை விட்டு அரை மணி நேரம். ஆபீஸ்கள் பூட்டியபின் டல்ஹௌசிப் பக்கம் நாய்கூட நடக்காது... அந்த வழியாகப் பணிமனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது கடைசி டிராம். கண்டக்டர் நிராபதா. என் கூட்டாளி பங்கஜுக்குத் தாய்மாமன். பங்கஜ் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கடை நிறுத்தத்தை மூடி அப்போது ஒன்பது மாதம். ஓடும் வண்டியில் ஜனங்கள் தொற்றி ஏறுகிறார்கள், ஆபத்தான இடம், அதனால்தான் மூடினார்கள் என்று ஊரே சொல்லும். உண்மை நிராபதாவுக்குத் தெரியும்.

ஷெபாலி என்று ஒரு டைப்பிஸ்ட் தினமும் அங்கே ஏறுவாள். ஒரு கால் சரியில்லை. முதலில் ஊன்றுகோல், அப்புறம் ஒரு கால், கொஞ்சம் மூச்சு, பிறகுதான் மறு கால்.

"என்னக்கா, ஏறுறதுக்கு நல்ல நேரம் பாக்குறீங்களா?" என்பார் நிராபதா. வண்டியே சிரிக்கும். அவளும் சிரித்துவைப்பாள்.

கண்டக்டர் மணிக்கயிற்றை ஒரு தரம் இழுத்தால் வண்டி நிற்கும். இரண்டு தரம் இழுத்தால் கிளம்பும். ஒருநாள் அவள் மறு கால் வைப்பதற்குள் இரண்டு இழுத்துவிட்டார். விழுந்தவள் பிழைக்கவில்லை. 'ஓடும் வண்டியில் ஏற முயன்றார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், மனுஷன்! அதை நம்பித்தான் நிறுத்தத்தை மூடினார்கள். வேலை பிழைத்தது. ஆனால் வெட்கம்... சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் எதிரே வந்து உட்கார்ந்தது.

அன்று இரவு, சரியாக அந்த இடத்தில்... டிங்.

ஒற்றை மணி. கயிற்றை யாரும் தொடவில்லை. வண்டி நின்றது.

படியில் 'டொக்' என்று ஊன்றுகோல். நனைந்த குடை நாற்றம், கூடவே டைப் ரிப்பன் மை வாசனை. ஒரு கால் வைக்கும் சத்தம். அப்புறம்... ஒன்றுமில்லை. மூச்சு வாங்குவது மட்டும்.

இந்தத் தடவை விடிந்தாலும் காத்திருப்பது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார் நிராபதா. மறு கால் வரவில்லை. மூச்சுதான் கிட்டே வந்தது.

"அண்ணே, தூங்கிட்டியா?" முன்னாலிருந்து டிரைவர் கத்தினான். "ரெண்டு அடிண்ணே! வீட்ல இலிஷ் மீன் கொழம்பு ஆறுது!"

கை கயிற்றுக்குப் போனது. டிங்... டிங்.

வண்டி குலுங்கியது. பொத்தென்று ஏதோ விழுந்தது.

"என்னண்ணே சத்தம்? யாராச்சும் ஏறினாங்களா?"

"யாருமில்ல. நீ போ."

சொன்ன வாய் மூடுவதற்குள் அவருக்கே கூசிப்போயிற்று. வண்டி வேகமெடுத்தது. நிறுத்தம் பின்னால் போய் மறைந்தேவிட்டது. ஆனால் குரல் காதோரமாகவே கேட்டது. கோபமே இல்லாத குரல்.

"உனக்கு நேரமாக்கிட்டேன் தம்பி. தப்பு என்மேலதான்... போன தடவ எழுதின மாதிரியே எழுதிக்கோ."